வாய்க்கொழுப்புக்கு ஒரு டெஸ்ட்

வசந்தாமணி மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், அவளுடைய மருமகள் மௌனிகா வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எல்லாம் ஒழுங்காகவும் தப்பாகவும் இன்றுவரை நடந்துகொண்டிருக்கும்.

கேள்வி பிறந்த இடம் சரவணம்பட்டியில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் தாமோதரன். வசந்தாமணியின் மகன் நரேஷ் தயாரிக்கும் தண்ணீர் பம்புகளை மொத்தமாக எடுத்து விற்கிறவர். பேச்சைக் கேட்டு விளக்கு எரிகிற வீடு, ஆள் வருவதை மோப்பம் பிடித்துத் திறக்கிற கதவு என்று வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் "ஆகா" என்றார்கள். வசந்தாமணி சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"வீடு கோட்டையாட்டம் இருக்குதுங்க. ஆனா இதுக்குள்ள ஒரு ஆளு நின்னு திரும்பறதுக்கு எடமில்லீங்ளே. உங்க சம்சாரத்தை ஒரு வார்த்தை கேக்காமயே கட்டிட்டீங்ளா?"

பின்னால் நின்றிருந்த தாமோதரனின் மனைவி, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அழுதார். அழுது முடித்ததும், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, கணவரை மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு தாமோதரன் நரேஷிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எங்கம்மாவுக்கு அந்த டெஸ்ட் எடுத்தே ஆகணும்" என்றான் நரேஷ், காரில் வரும்போதே. "உன்ற லேப்லதான எடுக்கறீங்க?"

மௌனிகா பதில் சொல்லவில்லை. அவள் எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் இல்லை. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். மாமியாருக்கோ வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இந்த இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொந்தக்காரர்கள் கல்யாணத்தன்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

நரேஷ் சொன்ன டெஸ்ட் என்னவென்று கோயமுத்தூரில் அப்போது தெரியாதவர்களே இல்லை. மௌனிகாவின் ஆய்வகம்தான் அதைக் கண்டுபிடித்தது. மருத்துவப் பெயர் ஒரு முழ நீளம். ஊர் வைத்த பெயர் வாய்க்கொழுப்பு டெஸ்ட்.

அதை வசந்தாமணிக்கு விளக்கும் பொறுப்பை ஆய்வகத் தலைவர் டாக்டர் அவிநாசியப்பன் தானே ஏற்றுக்கொண்டார். அவரைப் போல இனிமையாகப் பேசுகிற மனிதரை அந்த மாவட்டத்தில் பார்க்க முடியாது. அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து கேட்டவர் யாருமில்லை.

"நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்குதுங்கம்மா. வெளியில இருந்து வர்ற கிருமியப் புடிக்கறதுக்கு. சில பேருக்கு அந்தப் படையே தடம் மாறி, சொந்த மூளையவே போட்டுத் தாக்க ஆரம்பிச்சிருதுங்க. அதுல ஒரு வகையைத்தான் நாங்க இங்க கண்டுபுடிச்சோம்."

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"உடுமலைப் பக்கம் ஒரு கண்டக்டருங்க. வலிப்பு வந்துச்சு. அதோட, மனசுல தோணறதெல்லாம் வாயில வந்துச்சு. பஸ்ல ஏர்றவங்க ஒவ்வொருத்தரைப் பத்தியும் சத்தமாச் சொல்லுவாருங்க. நிறுத்த முடியலீங்க சார்னு அழுவாரு. மனசுல இருக்கறது வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி பிரேக் போடற புரதம் ஒண்ணு மூளையில இருக்குதுங்க. அந்தப் பிரேக்கை அவரு ரத்தத்துல இருந்த ஆன்டிபாடி, அதாவது அந்தக் காவல்படையோட ஆயுதம், தேய்ச்சிருச்சு. ரத்தத்தை மெஷின்ல விட்டுக் கழுவி அதை எடுத்தோம். இப்ப நல்லா இருக்காருங்க."

"உங்களுக்கு பிரேக் நல்லாப் புடிக்குதுங்ளா டாக்டர்?"

"அருமையாங்க."

"வண்டி ஓடுதுங்ளா?"

டாக்டர் வெகுநேரம் சிரித்தார். "ரொம்ப சந்தோசங்கம்மா" என்றார். மௌனிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்டக்டரோடு விஷயம் நின்றிருந்தால் நல்ல கதை. நிற்கவில்லை. ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் ஒருவர் வாயைப் பற்றித் தெரிந்துவிடும் என்றதும் ஊர் சும்மா இருக்குமா? பெண் கொஞ்சம் வாயாடி என்று காதில் விழுந்தால் ஜாதகத்தோடு ரிப்போர்ட்டும் கேட்டார்கள். மீட்டிங்கில் குறுக்கே பேசிய இன்ஜினியரை அனுப்பினார்கள். தலைமையாசிரியரைக் கேள்வி கேட்ட டீச்சரை அனுப்பினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பாசிட்டிவ். சந்தேகப்பட்டுத்தானே அனுப்புகிறார்கள், இல்லாமலா போகும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வாயில் தேன் வடிகிறவர்களை யாரும் டெஸ்டுக்கு அனுப்பவே இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மௌனிகாவுக்கும்தான்.

மாமியாரின் ரத்தத்தை அவளே பரிசோதித்தாள். எலி மூளையை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் ரத்தத்தின் தெளிநீரை விட்டால், ஆன்டிபாடி இருந்தால் மூளையில் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிடித்த இடமெல்லாம் பச்சையாக மின்னும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இரண்டு தகடுகள் ஒப்பிடுவதற்கு இருக்கும். ஒன்று கண்டக்டருடையது. கண் கூசும். இன்னொன்று 'நார்மல்', அதாவது நோயில்லாத ஆளின் ரத்தம். அது டாக்டர் அவிநாசியப்பனுடையது. ஆய்வகம் தொடங்கிய நாள் முதல் அவர்தான் நார்மல். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து அவரே சந்தோஷமாகக் கொடுப்பார். அந்தத் தகடு அடுப்புக்கரி மாதிரி இருக்கும். அதைவிட எது மின்னினாலும் பாசிட்டிவ்.

வசந்தாமணியின் தகடு மின்னியது. கண் கூசவில்லை. கிணற்றுச் சுவரில் பாசி படிந்தது மாதிரி ஒரு மங்கல் பச்சை. ஆனால் கரியோடு ஒப்பிட்டால் பச்சை பச்சைதானே.

வீட்டுக்கு வந்து சொன்னாள். நரேஷுக்கு வெற்றி. "நான் சொல்லல?" என்றபடி சோபாவில் சாய்ந்துகொண்டான். சாய்வதில் அவனுக்கு எப்போதுமே ஆர்வம் அதிகம். வசந்தாமணி மருமகளை மட்டும் பார்த்தாள்.

"அம்மிணி, நீ சொல்லு. கழுவிக்கட்டுமா? அந்த டாக்டர் சொன்னா நம்ப மாட்டேன், இவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ பொய் சொன்னா உன்ற காது செவந்து காட்டிக் குடுத்துரும். அதனால நீ சொல்லு."

மௌனிகாவின் மனதில் அந்த நேரம் ஓடியது நோயும் இல்லை, மருந்தும் இல்லை. தினசரி ஓடுகிற படம்தான். "இதென்ன ரசமா, கை கழுவுன தண்ணியா?" "இந்தச் சேலையில நீ நோயாளியாட்டம் இருக்கற." "உங்கம்மா போன்ல பேசறப்ப இடையில மூச்சு விடறாங்களா?" எல்லாமே உண்மை. அதுதான் தாங்க முடியாத விஷயம். ஒரே ஒரு வாரம், ஒரு வாரம் போதும், நிம்மதியாக ரசம் வைக்கக் கூடாதா?

"கழுவிக்குங்க அத்தை" என்றாள். "உங்க நல்லதுக்குத்தான்."

வசந்தாமணி அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

ரத்தம் கழுவிக்கொண்டு வந்த அத்தை வேறு அத்தை. முதல் நாளே ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அருமை கண்ணு. தேவாமிர்தம்" என்றாள். மௌனிகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சேலை கட்டினால் "மகாலட்சுமியாட்டம் இருக்கற". அம்மா போன் செய்தால் "சம்பந்தியம்மா கொரலு கேட்டாலே சந்தோசம்". தாமோதரன் வீட்டுக்கு நரேஷ் அம்மாவைக் கூட்டிப்போய் வந்தான். அந்தச் சமையலறையை எட்டிப் பார்த்து, "கைக்கு அடக்கமா, எத்தனை அழகு!" என்றாளாம். தாமோதரன் நெகிழ்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

சாப்பிட்ட பிறகு தினமும் மொட்டை மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதை அத்தை புதிய வழக்கமாக வைத்துக்கொண்டாள். மேலேயிருந்து முணுமுணுப்பு கேட்கும். சகஸ்ரநாமம் சொல்கிறாள் போல என்று மௌனிகா நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அத்தை இரண்டாவது கரண்டி ஊற்றிக்கொண்டு, "அருமை கண்ணு" என்றாள். தட்டோரத்தில் ஊறுகாய் வழக்கத்தைவிட அதிகமாகக் காலியாகியிருந்தது.

மௌனிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே புளியை இரட்டிப்பாகக் கரைத்தாள். "அருமை கண்ணு." அடுத்த நாள் மிளகே இல்லை. "அருமை கண்ணு." சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது.

உண்மையாகவே ஒரு கேள்வி வந்தபோதுதான் நிலைமை புரிந்தது. சென்னையில் புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். போவதா வேண்டாமா? நரேஷ், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்று கண்ணை மூடிக்கொண்டான். அத்தையிடம் போனாள்.

"நீ எது பண்ணாலும் அது நல்லதாத்தான் இருக்கும் கண்ணு."

மௌனிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்று மணவறைக்குப் பின்னால் இழுத்துப்போய், "என்ற பையன் நல்லவன், ஆனா சோம்பேறி. என்ன ஆனாலும் நீ உன்ற வேலைய மட்டும் விட்றாத" என்று காதில் சொன்ன பெண்மணி எங்கே? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவள் நிமிர்ந்து நின்றிருக்கிறாள். தன்னிடம் ஒருபோதும் பொய் சொல்லாத ஒரே ஆளை, ரசத்துக்காக, தானே மெஷினில் போட்டுக் கழுவி அனுப்பிவிட்டாள்.

அந்த வாரம் டாக்டருக்கு டெங்கு வந்தது.

கதைக்கு இது முக்கியம், ஏனென்றால் டெங்கு வந்தவர் ரத்தம் கொடுக்க முடியாது. ஃப்ரீசரில் இருந்த நார்மல் தீர்ந்துபோயிருந்தது. சோதனையை நிறுத்த முடியாது. மௌனிகா தன் ரத்தத்தையே எடுத்து வைத்தாள். தகட்டைப் பார்த்தாள். மங்கல் பச்சை. கிணற்றுப் பாசி.

முதலில் பயந்துதான் போனாள். வாயே திறக்காத தனக்கு வாய்க்கொழுப்பா? டெக்னீஷியன் பாஸ்டினைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். பச்சை. வரவேற்பில் உட்காரும் பெண், லிஃப்ட் சரிசெய்ய வந்தவர், வாசலில் இளநீர் வெட்டுகிறவர். "எதுக்குங்க மேடம், எனக்கு என்ன வியாதி?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் கை நீட்டினார்கள். பச்சை, பச்சை, பச்சை. இளநீர்க்காரர் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கலாக.

இருட்டறையில் அவளுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. ஆய்வகம் தொடங்கிய புதிதில் நார்மல் வேண்டும் என்று, ஊழியர்கள் எல்லோருமே ரத்தம் கொடுத்தார்கள். எல்லா ஆய்வகங்களிலும் அப்படித்தான். வெளி ஆளை எங்கே தேடுவது? எல்லோருடையதும் லேசாக மின்னியது. டாக்டருடையது மட்டும் கரி. "மத்ததெல்லாம் ஏதோ அழுக்கு சேர்ந்திருக்கும். இதுதான் சுத்தமா இருக்குது" என்று அதை எடுத்துக்கொண்டார்கள். மின்னிய தகடுகளைத் தொட்டியில் போட்டுக் கழுவியது மௌனிகாவேதான். அவளுடைய தகடும் அதில் ஒன்று.

ஊரில் எல்லோருக்கும் இருக்கிற ஒரு துளி. அது இல்லாத ஒரே மனிதரை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் எல்லோரையும் நோயாளி ஆக்கியிருக்கிறார்கள்.

டாக்டர் தேறி வந்த அன்று அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அருமையான கண்டுபிடிப்புங்க மௌனிகா. ரொம்ப சந்தோசங்க."

"சார், நாம தப்புப் பண்ணியிருக்கோம். கண்டக்டர் மாதிரி பளிச்சுன்னு வந்தவங்கதான் நெஜமான நோயாளிங்க. மத்தவங்க எல்லாம் சாதாரண ஜனங்க. சும்மா இருந்தவங்க ரத்தத்தைக் கழுவியிருக்கோம்."

"ஆமாங்க, பாத்துக்கலாங்க."

கொங்கு நாட்டில் 'பாத்துக்கலாங்க' என்றால் அந்த விஷயத்துக்குக் கருமாதி ஆகிவிட்டது என்று பொருள். இத்தனை வருஷமாக இந்த இடத்தில் மௌனிகா "சரிங்க சார்" என்று சொல்லித் திரும்பி வந்திருக்கிறாள். இன்றும் வாய் அதற்குத்தான் தயாரானது. பிறகு உப்பில்லாத ரசம் நினைவுக்கு வந்தது.

"பாத்துக்க முடியாதுங்க சார்" என்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். "இன்னைக்கே எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதணும். பழைய ரிப்போர்ட் செல்லாது, எல்லாருக்கும் மறுபடி இலவசமா டெஸ்ட் எடுப்போம்னு. இனிமே நார்மலுக்கு ஒருத்தர் ரத்தம் ஆகாது. வாயாடி, ஊமைக்கோட்டான், பொய்யர், மெய்யர்னு ஊர்ல கெடைக்கற எல்லா ரகத்துலயும் வேணும். அதுல உங்களுதும் ஒண்ணா இருக்கட்டும். டைப் பண்ணிக் கொண்டாந்திருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் கதவைத் தேடின. பாவம், அவருக்கு மறுக்க வேண்டும் என்று உயிர் போகிற ஆசை. ஆனால் அந்த மனிதருக்கு 'முடியாது' என்று சொல்லத்தான் வராதே! பேனாவை எடுத்தார்.

"சந்தோசங்க" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கடிதங்கள் போன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள். டாக்டரைச் சமாளித்தது பெரிதில்லை. அத்தையை எப்படிச் சமாளிப்பது? கழுவி எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. உடம்பு தானாகப் பழையபடி தேற வேண்டும். தேறுமா என்று யாருக்கும் தெரியாது.

அத்தை சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். முன்னால் காலையில் வைத்த ரசம். அவசரத்தில் அன்று எதைப் போட்டாள், எதை விட்டாள் என்று மௌனிகாவுக்கே தெரியாது.

"அத்தை" என்றாள், உட்காராமலே. "உங்களுக்கு வியாதியே இல்லீங்க. எங்க டெஸ்ட் தப்பு. என் ரத்தமும் உங்க ரத்தம் மாதிரிதான் இருக்குது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குது. உங்களைக் கெடுத்து வெச்சுட்டேன்."

வசந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியுமே அம்மிணி."

"என்னங்க தெரியும்?"

"வியாதின்னா வாயை அடக்க முடியாதுன்னு தானே அந்த டாக்டர் சொன்னாரு? நான் அடக்கிட்டுத்தான இருக்கேன் இத்தனை நாளா? இந்த ரசத்தைத் தேவாமிர்தம்னு சொல்றதுக்கு எத்தனை பிரேக் வேணும்னு உனக்குத் தெரியுமா? உப்பில்லாம ஒரு நாள், வெறும் புளியா ஒரு நாள். கொலை பண்ணப் பாக்கறயோன்னுகூட நெனைச்சேன். சாப்பிட்டுட்டு நேரா மாடிக்குப் போயி, மனசுல இருக்கறதையெல்லாம் கறிவேப்பிலைச் செடிகிட்டச் சொல்லிட்டு வருவேன். பாவம், அது எலை உதிர்ந்து நிக்குது."

மௌனிகா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்ப சகஸ்ரநாமம்?"

"உன்னைப் பத்தித்தான். ஆயிரம் இருக்கும்."

"நடிச்சீங்களா அத்தை? எதுக்கு?"

"கழுவிக்கச் சொன்ன. சரி, கழுவுன ஆளு எப்படி இருக்கும்னு உனக்குக் காட்டலாம்னுதான். பக்கத்துப் படுக்கையில ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. அவங்களுக்கும் மெஷின் ஒண்ணும் பண்ணல. 'நெஜத்தைச் சொன்னா வியாதிங்கறாங்க, அப்புறம் எதுக்குங்க வாயத் தொறக்கறது'ன்னாங்க. அவங்க நடிக்கல அம்மிணி. நெஜமாவே விட்டுட்டாங்க. அவங்களுக்கு மொதல்ல கடுதாசி போடு."

"போட்டாச்சுங்க" என்றாள் மௌனிகா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "மெட்ராஸ் வேலை?"

"போ. நீ போனாத்தான் என்ற பையன் சோபாவை விட்டு எந்திரிச்சு ஒரு காப்பியாச்சும் போடுவான்." வசந்தாமணி ரசக் கிண்ணத்தை எட்டத் தள்ளிவைத்தாள். "இப்ப நீ சொல்லு. அன்னைக்கு எதுக்குக் கழுவிக்கச் சொன்ன? என்ற நல்லதுக்குன்ன. காது ரெண்டும் மொளகாப்பழமாட்டம் செவந்துச்சு."

மௌனிகா வாயைத் திறந்தாள். பழைய பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினாள்.

"உங்க வாய் தாங்கலீங்க அத்தை."

வசந்தாமணி அவள் காதுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா," என்றாள், "என்ற ரத்தமாவது மிச்சமாயிருக்கும்."